ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒரு மட்டிக்குலை

"காயைப் பழுக்க வைக்கத் தெரிஞ்சவளுக்கு, பழுக்காம வைக்கவும் தெரியணும்லா?"

வந்ததும் வராததுமாக மாதேவன் சார் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம், சந்தை முக்கில் தங்கபுஷ்பத்தின் வாழைப்பழக் கடை.

புஷ்பம் நிமிரவில்லை. ஒரு குலையிலிருந்து சீப்பு சீப்பாக அறுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்கு, சாரே?"

"ஒன்பது நாள். அடுத்த ஞாயிறு வரைக்கும்."

"என்ன காய்?"

"மட்டி."

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மட்டிக்குப் பொறுமை கெடையாதே, சாரே."

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்திருக்கேன்!" என்றார் மாதேவன் சார். குரல் உசந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

இந்த மாதேவன் சார் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் வாத்தியார், அதில் பதினாலு வருஷம் ஹெட்மாஸ்டர். யாரையும் தேடிப் போகிற வழக்கமே கிடையாது. பிள்ளைகள் அவர் அறைக்கு வரும். பெத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமாகியும் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவன் அவர் முன்னால் உட்காரத் தயங்குவான்.

தங்கபுஷ்பத்தை எட்டாம் வகுப்பில் ரெண்டு தரம் பெயிலாக்கியவரும் அவரேதான்.

அவள் அதோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு அப்பன் கடையில் வந்து உட்கார்ந்தாள். ஆச்சு, இருபத்தஞ்சு வருஷம். காயைத் தட்டிப் பார்க்க மாட்டாள், அமுக்கிப் பார்க்க மாட்டாள். ஒரு பார்வை. "நாளைக் கழிச்சு சாயங்காலம்" என்பாள். நாளைக் கழிச்சு சாயங்காலம் பழுத்திருக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் அவள் சொன்ன நாளை நம்பித்தான் பந்திக்குப் பழம் எடுப்பார்கள்.

அதனால் வேறு வழியில்லாமல் வந்தார். வயிற்றெரிச்சலோடுதான் வந்தார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் ஆனிக் காற்றில், வீட்டுக்குப் பின்னால் நின்ற மட்டி வாழை இடுப்போடு ஒடிந்து விழுந்தது. குலை விளைந்துவிட்டது, பழுக்கவில்லை. மரத்தில் நின்றிருந்தால் ஞாயிறு வரைக்கும் அது பாட்டுக்கு நின்றிருக்கும். காற்று யாரைக் கேட்டுக்கொண்டு அடிக்கிறது!

அந்தக் குலை அவருடைய பேரனுக்கு.

பேரனை அவர் பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாது. மகள் பிரமு ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். "இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்றார் மாதேவன் சார். அவள் ஏறவில்லை. ஒன்பது வயசில் அம்மையைப் பறிகொடுத்த பிள்ளை அது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே அவர்தான் தினமும் அவளுக்குச் சடை பின்னிவிடுவார். அந்த வாழைக்குத் தாய்க்கன்று நட்டதும் அவள்தான்.

அந்த ஞாயிறோடு பிள்ளைக்கு ஆறு மாசம். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆறாம் மாசம் பிள்ளை வாயில் வைக்கிற முதல் பழம் மட்டியாக இருக்க வேண்டும். அதை மசித்து ஊட்டுகிற கை, அம்மையைப் பெற்ற அப்பன் கையாக இருக்க வேண்டும்.

அந்த வழக்கத்துக்காகவாவது அவள் வருவாள் என்று மாதேவன் சார் நம்பினார். நம்பினார் என்று சொல்வது மரியாதைக்காக. மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

புஷ்பம் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

"குலையை எங்க வச்சிருக்கிய?" என்றாள்.

"தரையில. சாக்கு விரிச்சு."

"தொங்கப் போடுங்க. தரையில கெடந்தா, தன்னை வெட்டிட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிரும்."

"வெட்டினது நான் இல்ல, காத்து."

"குலைக்கு அது தெரியுமா, சாரே?"

அவர் நேராக வீட்டுக்குப் போனார். வீட்டிலேயே வெயில் எட்டிப் பார்க்காத அறையாகத் தேடி, விட்டத்தில் கயிறு கட்டி, குலையைத் தொங்கவிட்டார். சீப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்" என்றார் அதனிடம்.

மறுநாள் சனிக்கிழமை. கடை திறக்கும் முன்பே மாதேவன் சார் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு, சட்டைப் பையில் பேனா.

"மேல் சீப்பு மஞ்சள் அடிக்குது."

"அதை அறுத்து எடுத்துருங்க. ஒண்ணு பழுத்தா பக்கத்துல உள்ளதையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்."

அவர் எழுதிக்கொண்டார். புஷ்பம் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லா எழுதுங்க. பரீட்சை வைப்பேன்."

"அறுத்த சீப்பை என்ன செய்ய?"

"இது என்ன கேள்வி? வீட்டுல குலை வெட்டினா தெருவுல ஆளுக்கொரு சீப்பு குடுக்க மாட்டியளா?"

"இது தெருவுக்கு உள்ள குலை இல்ல."

"பிறகு யாருக்கு?"

மாதேவன் சார் நோட்டை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

"ரெண்டாவது சீப்பும் மஞ்சளாயிட்டு. நீ சொன்னபடிதானே செஞ்சேன்!"

"அறுத்த சீப்பு இப்போ எங்க இருக்கு?"

"அங்கதான். குலைக்கு நேர் கீழ, ஒரு தட்டுல வச்சிருக்கேன்."

"சாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் புஷ்பம். "பழுத்ததை வீட்டை விட்டு வெளிய அனுப்பணும். பக்கத்துலயே வச்சுக் கும்பிட்டா எப்பிடி?"

அன்றைக்கு அவர் ரெண்டு சீப்பையும் தூக்கிக்கொண்டு போய் பக்கத்து வீட்டு லீலா டீச்சரிடம் நீட்டினார். டீச்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்ன சார் விசேஷம்? பிரமு வாராளா?"

"பழம் பழுத்துட்டு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பிவிட்டார். படியேறும்போது கண் கலங்கிவிட்டது. பிரமு வாராளா என்று ஒருத்தி வாய்விட்டுக் கேட்டது அவருக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

திங்கட்கிழமை புஷ்பம் காம்பைப் பற்றிச் சொன்னாள்.

"சீப்பு தண்டோட சேருத இடத்துல பாலிதீன் பேப்பரை இறுக்கிச் சுத்துங்க. அது மூச்சு விடுகது அந்த வழியாத்தான். மூச்சைக் கொஞ்சம் குறைச்சா பழுக்கதும் குறையும்."

"ரொம்ப இறுக்கினா செத்திராதா?"

"வாழைக்காயிக்கு இவ்வளவு பாவம் பாக்க ஆளை நான் பாத்ததில்ல, சாரே. அன்னைக்கு என் முட்டியில பிரம்பால அடிக்கும்போது இந்த எரக்கம் எங்க போச்சு?"

மாதேவன் சாருக்கு அந்த அடி ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது.

"தப்புத்தான்" என்றார்.

புஷ்பம் இதை எதிர்பார்க்கவில்லை. பாலிதீன் பேப்பர் ஒரு சுருளை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர் முகம் செத்துப்போயிருந்தது. பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து வைத்தார். தோல் கன்னங்கரேல் என்று கிடந்தது.

"ஃப்ரிட்ஜ்ல வச்சியளா?"

"ஒரு சீப்பாவது பத்திரமா இருக்கட்டும்னு சனிக்கிழமையே வச்சேன்."

"என்கிட்ட கேட்டியளா?"

"கேக்கல."

அவள் ஒரு காயைப் பிட்டு உரித்தாள். உள்ளே வெள்ளையாக, மரக்கட்டை மாதிரி இருந்தது.

"காயா வச்சா பிறகு எத்தனை நாள் வெளிய வச்சாலும் பழுக்காது. காயாவும் இருக்காது, பழமாவும் ஆகாது. வீம்பு புடிச்சுக்கிட்டு அப்பிடியே கெடக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அழுகுத வரைக்கும்."

மாதேவன் சார் அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

புதன்கிழமை அவர் நடந்து வரவில்லை, ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் மாறி மாட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"மொத்தமும் மஞ்சளாயிட்டு, புஷ்பம்! அடிச்சீப்பு வரைக்கும்!"

"இருக்காதே."

"பொய்யா சொல்லுகேன்? நீயே பாரு!"

பையைத் திறந்து அடிச்சீப்பை அவள் முன்னால் வைத்தார். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். நுனியில் மட்டும் துளி பச்சை. வேறு ஒரு நாளாக இருந்தால் புஷ்பமே மெச்சியிருப்பாள்.

அவள் ஒரு பழத்தைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"சாரே, குலை எந்த அறையில தொங்குது?"

"பூஜை அறையில. எங்க வீட்டுல வெயில் படாத அறை அதுதான்."

"சன்னல் உண்டா?"

"கெடையாது."

"சாம்பிராணி போடுவியளா?"

"போடாம? முன்ன எல்லாம் வெள்ளிக்கிழமை மட்டுந்தான். இப்போ குலை வந்த நாள்லேருந்து காலையிலயும் சாயங்காலமும் போடுகேன். கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணு எரியுத வரைக்கும்."

"என்ன வேண்டுதல்?"

மாதேவன் சார் அக்கம்பக்கம் பார்த்தார். குரலை இறக்கினார்.

"என் மக வரணும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வரணும். மொதப் பழத்தை நான் ஊட்டணும். அதுவரைக்கும் குலை பழுக்கப்படாது."

புஷ்பம் கேலி செய்யவில்லை.

"உள்ள வாங்க" என்றாள்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சன்னல் இல்லை. கதவிடுக்கில் சாக்கு செருகியிருந்தது. அவள் கதவைத் திறந்தாள். குப்பென்று புகை வந்து முகத்தில் அடித்தது. மாதேவன் சார் இருமினார். உள்ளே வரிசையாகக் குலைகள் தொங்கின. மூலையில் ஒரு மண்சட்டியில் தேங்காய் மட்டை கனன்றுகொண்டிருந்தது.

"இது என்ன அறை, சாரே?"

"புகை போடுற அறை."

"காயை இங்க எதுக்குத் தொங்கப் போட்டிருக்கேன்?"

"சீக்கிரம் பழுக்க…"

புகை அவர் தலைக்கு மேலாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு புஷ்பத்தைப் பார்த்தார்.

"அப்போ நான் கும்பிட்டதெல்லாம்?"

"ஆமா, சாரே."

"அவ வரணும்னு கும்பிடக் கும்பிட…"

"ஆமா."

ஐயோ பாவம், மனுஷன் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். ஒரு பள்ளிக்கூடத்தையே கனைப்பில் அடக்கிய ஆள், வாழைக்குலைக்கு நடுவில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். புகையால்தான் என்று சொல்லிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

புஷ்பம் கதவைச் சாத்திவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இனி எத்தனை நாள் தாங்கும்?" என்றார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா இருக்கும். சனிக்கிழமை குழைஞ்சிரும்."

"ஞாயித்துக்கிழமை?"

"பிள்ளை வாயில வைக்கப்படாது."

"ஏதாவது வழி சொல்லு. நீ என்ன சொன்னாலும் செய்கேன்."

"பழுத்ததைத் திரும்பக் காயாக்க எனக்குத் தெரியாது, சாரே."

அவர் தண்ணீரைக் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"ஞாயித்துக்கிழமை வாரேன்னு அவ சொன்னாளா?" என்று கேட்டாள் புஷ்பம். இந்த ஆறு நாளில் அவர் மகளைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

"போன மாசம் போன் பண்ணினா. ஆறு வருஷத்துல மொத தடவை. 'அப்பா, பிள்ளைக்கு அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமையோட ஆறு மாசம் ஆகுது'ன்னு சொன்னா."

"நீங்க என்ன சொன்னிய?"

"ம்."

"பிறகு?"

"பிறகு ஒண்ணுமில்ல. பிள்ளை சிணுங்குகது கேட்டுது. போனை வச்சிட்டா."

"வான்னு ஒரு சொல்லு சொல்லலியா?"

"வராதேன்னு சொன்னவன் நான். நானே எப்பிடி வான்னு சொல்ல? அவளா வந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? அந்தப் பிள்ளையைக் கீழயே விட மாட்டேன், புஷ்பம். அவ வந்து நின்னாப் போதும். ஒரு தடவை வந்து நின்னாப் போதும்."

"தூத்துக்குடி எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸுல மூணு மணி நேரம்."

"போனது உண்டா?"

"நானா?" மாதேவன் சார் நிமிர்ந்தார். அழுத முகத்திலும் பழைய ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "நான் யாரு வாசல்லயும் போயி நின்னவன் இல்ல. உனக்குத் தெரியாதா?"

புஷ்பம் கத்தியை எடுத்து, பழச்சீப்பின் காம்பை ஒழுங்காக நறுக்கினாள்.

"இன்னைக்கு எத்தனாவது நாளு, சாரே?"

"எது?"

"என் கடை வாசல்ல நிக்கது."

அவர் விரல் விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்றைக்குப் புதன்.

"ஆறு."

"நான் கூப்பிட்டனா?"

சந்தையில் யாரோ முருங்கைக்காய்க்கு விலை கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கட்டு வாழைச்சருகை எடுத்துத் தண்ணீர் தெளித்து மெத்தென்று ஆக்கினாள். சீப்பை அதில் வைத்து நாலு பக்கமும் மடித்தாள். நாரால் கட்டினாள். வழக்கமாக அவள் இவ்வளவு மெனக்கெட மாட்டாள்.

"என்ன பண்ணுத?"

"பஸ்ஸு குலுங்கும். வெறும் பையில வச்சா அடிபட்டிரும். சன்னல் பக்கம் உக்காராதிய, வெயில் படும். மடியிலயே வச்சுக்கிடுங்க."

பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் எழுந்திருக்கவில்லை.

"புஷ்பம்."

"சொல்லுங்க."

"அவ கதவைத் திறக்கலைன்னா?"

அவள் அவரைப் பார்த்தாள்.

"அவ என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டான்னா நான் என்ன செய்வேன்? எனக்கு ஆறு வருஷமா அந்தப் பயந்தான். அவளை வரச் சொல்ல எனக்கு வெக்கம். நான் போக எனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்."

"அதை என்கிட்ட எதுக்குக் கேக்கிய, சாரே?"

சொல்லிவிட்டு அவள் கடைக்கு முன்பக்கம் போய்விட்டாள். "அக்கா, உங்களுக்கு என்ன பழம்?" என்று யாரையோ கேட்பது அவர் காதில் விழுந்தது.

மாதேவன் சார் தனியாக உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை மடியில் இறக்கிவைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். போன மாசம் வந்த அந்த நம்பரை அவர் அழிக்கவில்லை, பேர் போட்டும் வைக்கவில்லை. தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு தடவை தப்பான இடத்தில் அழுத்திவிட்டார். மறுபடியும் அழுத்தினார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று அவர் நினைத்தபோது யாரோ எடுத்தார்கள்.

"அப்பா?"

அவர் தொண்டையைக் கனைத்தார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்பாதானா? பேசுங்கப்பா."

"பிரமு, குலை பழுத்துட்டும்மா. நான் இப்பவே கிளம்பி உன் வீட்டுக்கு வரட்டா?"